நந்தி ஆற்றங்கரைச் சத்திரமும் என் பாவாவின் கண்ணும்

என் அக்காவின் புருஷனுடைய இடது கண்ணைப் போக்கியவன் நான். கைதவறி நடந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்தேன். அது பொய். நடந்தது என்ன என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

திருத்தணிக்கு வருகிறவர்கள் எல்லோரும் மலையைத்தான் பார்ப்பார்கள். நந்தி ஆற்றை யாரும் பார்ப்பதில்லை. பாலத்தின் மேல் பஸ் போகும்போது கீழே கொஞ்சம் மணலும் நிறையச் சீமைக்கருவேலமும் தெரியும். அது ஆறு என்று யாராவது சொன்னால்தான் உண்டு. அந்த ஆற்றின் கரையில், தெருப் பக்கம் முகமும் தண்ணீர்ப் பக்கம் முதுகுமாக எங்கள் சத்திரம் இருக்கிறது. அம்மாவுடைய தாத்தா நூல் வியாபாரி. காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் ஆற்றில் முழுகி, படுத்து எழுந்து மலையேறட்டும் என்று அவர் கட்டியதாகச் சொல்வார்கள். உள்ளே ஒரே ஒரு பெரிய கூடம். நடுவில் தூணும் இல்லை, சுவரும் இல்லை. தெருச்சுவரிலிருந்து ஆற்றுச்சுவர் வரைக்கும் ஆறு தேக்கு உத்திரங்கள் ஒரே நீளத்தில் ஓடும். அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் விரல் தடிமன் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு இடித்துக் கெட்டியாக்கிய தளம். ஆற்றுப் பக்கம் மூன்று வளைவுகள். ஒவ்வொரு வளைவின் தலையிலும் அரைவட்டமாகப் பச்சைக் கண்ணாடியும் சிவப்புக் கண்ணாடியும். வளைவைத் தாண்டினால் கருங்கல் படிகள் மணலுக்கு இறங்கும்.

இதையெல்லாம் நான் ரசிக்கத் தொடங்கியது முப்பது வயதுக்கு மேல்தான். அதுவரை எனக்கு அது ஒழுகுகிற ஒரு பழைய கட்டடம். ஒருநாள் ஒயர் இழுப்பதற்காகச் சுவரில் துளை போட்டேன். டிரில் பிட்டு முறிந்தது. இன்னொன்றை மாட்டினேன், அதுவும் முறிந்தது. கோபம் வந்து சுத்தியலால் ஓங்கி அடித்தேன். சுத்தியல் எகிறி என் முழங்காலிலேயே பட்டது. வலியோடு தரையில் உட்கார்ந்தபடி அன்றைக்குத்தான் அந்தச் சுவரை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டரை அடி கனம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சுவரில் கையை வைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. பிறகு வளைவுகளைப் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவு இல்லை, நடுவளைவு நான்கு விரல் உயரம் அதிகம். தூரத்திலிருந்து பார்க்கும்போது மூன்றும் சமமாகத் தெரிவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறான் அந்தக் கொத்தன். ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு கம்ப்யூட்டர் ரிப்பேர். கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய்ச் சரிசெய்து தருவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மற்றவர்கள் எடைக்குப் போடுகிற பழைய மெஷின்களை நான் கேட்டு வாங்கி வருவேன். சத்திரத்தின் ஆற்றுப் பக்கப் பாதியில் அப்படிப் பதினான்கு மெஷின்கள் சேர்ந்தன. எல்லாமே ஓடின. பச்சை எழுத்து காட்டும் மானிட்டர்கள், உள்ளங்கையை விட அகலமான ஃப்ளாப்பிகள், காகிதத்தை ரம்பத்தால் அறுப்பது போலச் சத்தம் போடும் பிரிண்டர் ஒன்று. அவற்றில் ஒரு 386, பதினெட்டு வயதில் அரக்கோணத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் நான் முதன்முதலாகத் தொட்ட அதே மெஷின். நிலையத்தை மூடியபோது கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்விட்சைப் போட்டால் முதலில் விசிறி முனகும். பிறகு திரையின் மூலையில் தன் நினைவகத்தைத் தானே எண்ணிக்கொண்டு போகும். கடைசியில் ஒரு தடவை கரகரத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி நிற்கும். இப்போதைய கம்ப்யூட்டர்கள் எதையும் அப்படிக் கண்முன்னே செய்வதில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதால் எதிலும் துரு பிடிக்கவில்லை. வேறு எந்த வீட்டில் வைத்திருந்தாலும் பாதி செத்திருக்கும்.

அக்காவைக் கொடுத்தது அம்மையார்குப்பத்தில். நான் பாவா என்று கூப்பிடும் அவள் புருஷனுடைய பூர்வீகம் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரிப் பக்கத்து ஊர். பவர்லூம் தறி எட்டு ஓட்டினார். ஆள் பெரிய உடம்பு, பெரிய குரல். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். என் மெஷின்களை "தகர டப்பா" என்பார். ஆனால் வரும்போதெல்லாம் அந்தப் பிரிண்டரை ஓட்டிக் காட்டச் சொல்வார். "என் தறியை விடக் கூவுது பாரு மச்சான்" என்று சிரிப்பார்.

ஒரு கார்த்திகை மாதம் மேலே ஏரிகள் உடைந்து நந்தியில் வெள்ளம் வந்தது. காலை பத்து மணிக்கு மணல் தெரிந்துகொண்டிருந்த இடத்தில் பதினொரு மணிக்குத் தண்ணீர் படிகளில் ஏறி வளைவுக்குள் நுழைந்தது. வேரோடு பிடுங்கிய ஒரு கருவேலமரம் வந்து நடுவளைவில் மோதியது. மோதிய அதிர்ச்சி என் பாதத்தில் தெரிந்தது. மரம் பின்வாங்கி மறுபடியும் மோதியது. கண்ணாடிகள் உடைந்து கொட்டின. சுவர் அசையவில்லை. நான் போன் செய்த முக்கால் மணி நேரத்தில் பாவா வந்துவிட்டார். அவர் இடுப்பிலும் என் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் பதினான்கு மெஷின்களையும் தெருப் பக்கப் பாதிக்குத் தூக்கினோம். செத்த ஆடு ஒன்று எங்கள் நடுவே மிதந்து போயிற்று. ஒரு பழைய மானிட்டரை அவர் தோளில் ஏற்றும்போது நான் கத்தினேன்.

"பாவா, இத மட்டும் கீய போட்டுடாத! உள்ள காத்தே இல்லாத கண்ணாடிக் குழாய். ஒடஞ்சா வெடிக்கும், கண்ணு போய்டும்!"

"ஆங் ஆங், உன் பொண்டாட்டி மாதிரி தூக்கிகினு வரேன், போ!"

குழாயைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அம்மா இறந்த பிறகு பாகம் பிரித்தோம். கூடத்தின் நடுவே கோடு போட்டு, தெருப் பக்கப் பாதி அக்காவுக்கு, ஆற்றுப் பக்கப் பாதி எனக்கு என்று பத்திரம் எழுதியாயிற்று. கோட்டின் மேல் ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்குள் பாவாவின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. எட்டில் இரண்டுதான் ஓடின. ஆடிக் கிருத்திகைக்கு வருகிற கூட்டத்துக்குப் படுக்க இடமில்லாமல் ஜனங்கள் பிளாட்பாரத்தில் கிடப்பதைப் பார்த்து, அக்கா பாகத்தை இடித்து லாட்ஜ் கட்டுவது என்று தீர்மானித்தார். அவர் கேட்டதில் தப்பில்லை. இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது.

அன்றைக்கு நான் சொன்னது வேறு. "பாவா, உத்திரம் ஆறும் ஒரே மரம். நீ அந்தப் பக்கம் செவுத்த இடிச்சா இந்தப் பக்கமும் வுழும். கோடு காயிதத்துலதான் கீது, மரத்துல இல்ல."

"மேஸ்திரி சொல்றான், நடுவுல அறுத்துட்டு உன் பக்கம் சவுக்குக் கயி முட்டு குடுத்துடலாமாம்."

"சவுக்குக் கயியா? இந்தத் தளம் இன்னா வெயிட்டுனு உனக்குத் தெரியுமா?"

"அப்ப நான் இன்னா பண்ணட்டும், சொல்லு. ஒன்னும் பண்ணக்கூடாது, அதானே? உன் டப்பாங்க தூங்கறதுக்கு என் பசங்க பட்டினி கெடக்கணும்."

இப்படியே நான்கு மாதம். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஒரு முறை நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டை முறுக்கி விலக்கினார், பொறுமையாகத்தான். அதற்குப் பிறகு அவர் பெயரைச் சொன்னாலே என் பல் இறுகும். படுக்கும்போது அவரை அடிப்பது போலக் கற்பனை செய்வேன். ஒவ்வொரு நாளும் வேறு வேறு விதமாக அடிப்பேன். அதில் ஒரு சுகம் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

வைகாசி மாதம். கனகம்மாசத்திரத்தில் ஒரு ரோட்டோரக் கடையின் பில் போடும் கம்ப்யூட்டரைப் பிரித்துவைத்திருந்தேன். எங்கள் சத்திரத்துக்கு எதிரே வண்டி மெக்கானிக் கடை வைத்திருக்கும் அரக்கோணத்து பாய் போன் செய்தார். என் மெஷின்களை ஏற்றி வருவதெல்லாம் அவர் லோடு ஆட்டோவில்தான்.

"உங்க சத்திரத்து மேல ஆளுங்க ஏறிக்கினு கீறாங்க. ரம்பம் போட்டுகினு கீறானுங்க. சீக்கிரம் வாங்க. ஆனா ஒன்னு, கோவமா வராதீங்க."

ஸ்க்ரூடிரைவரை அப்படியே போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். திருப்பதி ரோட்டில் எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. தெரு முனையில் திரும்பும்போது அந்தச் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. பெரிய மிருகம் ஒன்று முட்டி போட்டு உட்காருகிற மாதிரி, நீண்ட ஒரு முனகல், பிறகு தொப்பென்று. சத்திரத்தின் கதவு, ஜன்னல் எல்லாவற்றிலிருந்தும் வெள்ளைப் புழுதி பீறிட்டது.

உள்ளே ஓடினேன். என் பாதியின் தளம் வாய் பிளந்து கிடந்தது. இரண்டு உத்திரங்கள் நடுவில் அறுபட்டு, ஒரு முனை சுவரிலும் மறுமுனை தரையிலுமாகச் சாய்ந்திருந்தன. அறுபட்ட இடத்தில் தேக்கு அப்போதுதான் வெட்டிய பழம் போலச் சிவந்திருந்தது. முட்டுக் கொடுத்த சவுக்குக் கழிகள் நாலும் ஒடிந்திருந்தன. பத்து மெஷின்கள் செங்கல் குவியலுக்கு அடியில். பிரிண்டரின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. அதன் காகிதம் கிழிந்து படபடத்தது.

மேலே, மூன்றாவது உத்திரத்தில் சாய்த்த ஏணியில் நின்றபடி மேஸ்திரி இன்னமும் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பயத்தில் உறைந்து நின்றிருக்கிறார், பாவம். எனக்கு அது தெரியவில்லை. அடுத்ததை அறுக்கப் போகிறார் என்றே பட்டது. ஏணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவர் எட்டடி உயரத்திலிருந்து செங்கல் மேல் விழுந்தார். கை மணிக்கட்டு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் எழுந்திருக்கப் பார்த்தபோது விலாவில் உதைத்தேன். மறுபடியும் உதைத்தேன்.

பாவா பின்னாலிருந்து என் கழுத்தைப் பிடித்துத் தூக்கி ஓர் அறை விட்டார். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"ஆளக் கொல்லப் பாக்கறியாடா? அவன் புள்ளக்குட்டிக்காரன்டா! இந்தத் தகரத்துக்காடா கொல்லுவ?"

நான் அவர் முகத்தில் துப்பினேன். ரத்தத்தோடு துப்பினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு, சுவரோரம் தப்பித்து நின்றிருந்த 386-இன் பக்கம் திரும்பினார். கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தார். நான் "பாவா, வேணாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஓங்கி இறக்கினார். மேல் தகடு உள்ளே போய்விட்டது. இரண்டாவது அடியில் போர்டு இரண்டாகப் பிளந்தது. மூன்றாவது அடிக்குத் தேவையே இல்லை. அதையும் அடித்தார்.

ஒரு மேஜை மட்டும் உத்திரத்தின் சாய்வுக்கு அடியில் அகப்பட்டுத் தப்பித்திருந்தது. அதன் மேல் நான் ரிப்பேருக்காகப் பிரித்துவைத்திருந்த பச்சை மானிட்டர். பிளாஸ்டிக் உறை கழற்றி வைத்திருந்தது. வெறும் படக்குழாயும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும். அப்படிப்பட்ட குழாயை உடைக்க வேண்டி வந்தால் நான் கம்பளியில் சுற்றி, கண்ணாடி போட்டு, எட்ட நின்று கழுத்தை மட்டும் கிள்ளி எடுப்பேன். இருபது வருஷப் பழக்கம். அந்த நேரத்திலும் அந்த எண்ணம் எனக்குள் தெளிவாக ஓடியது. கம்பளி இல்லை, உறை இல்லை, உடைந்தால் முகத்தில் தெறிக்கும். அந்த எண்ணம் ஓடியதற்குப் பிறகுதான் அதைத் தூக்கினேன். நாலடி தூரத்திலிருந்து, அவர் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்து வீசினேன்.

பட்டாசு சத்தம் இல்லை. யாரோ பெரிதாக மூச்சை உள்ளே இழுத்த மாதிரி, உடனே ஒரு வெடிப்பு. எனக்கும் கன்னத்தில் கீறல். பாவா அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் கோடு கோடாக இறங்கி வெள்ளைப் புழுதியில் சொட்டியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவர் பேசினார். கத்தவில்லை. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"மச்சான். லைட்டப் போடுடா. ஒன்னும் தெரியல."

காலை பதினோரு மணி. கூரையில்லாத அந்த இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நானும் பாயும் அவரைத் தூக்கி லோடு ஆட்டோவில் படுக்கவைத்தோம். மேஸ்திரி ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். பாவாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் அவர் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அந்தக் குழாய் வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நான் பாவாவின் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடியும் கேட்கவில்லை.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். வலது கண்ணில் சிறு துண்டுகள்தான், எடுத்துவிட்டார்கள். இடது கண்ணை அப்படியே எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் வந்து சொன்னதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். செருப்பைக் கழற்றினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், தலையிலும் முகத்திலும் தோளிலும் அடித்தாள். நான் கையைத் தூக்கவில்லை. செருப்பு வார் அறுந்தது. அறுந்த செருப்பாலும் அடித்தாள். அடிக்கும்போது அவள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

போலீஸில் கேட்டபோது, மானிட்டரை எடுத்து ஓரமாக வைக்கப் போனேன், தள்ளுமுள்ளில் கைதவறி விழுந்து வெடித்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி ஏணியிலிருந்து தானாகவே விழுந்தார் என்றும் எழுதினேன். பாவாவிடம் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் வாங்கினார்கள். "புழுதியில ஒன்னும் சரியா பாக்கல" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஜாமீன் கிடைத்தது.

பத்து நாள் கழித்து சென்னை ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா உள்ளே விடவில்லை. திரும்பும்போது அவளுக்கு போன் செய்து, அரக்கோணத்தில் பாவாவின் தம்பிகள் காத்திருப்பார்கள் என்று பயமாக இருக்கிறது, முன்னாலேயே மணவூரில் இறங்கிப் போய்விடுகிறேன் என்றேன். அவள் "சரி" என்றாள்.

மணவூர் ஸ்டேஷனில் என்னோடு இறங்கியவர்கள் ஆறேழு பேர். அவர்கள் கலைந்து போனதும் வேப்பமரத்தடியிலிருந்து மூன்று பேர் எழுந்து வந்தார்கள். பாவாவின் தம்பிகள் இருவர், அவருடைய தறிக்காரர் ஒருவர். கையில் தறியிலிருந்து கழற்றிய கட்டைகள். நல்ல கெட்டியான மரம். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் ஓடவில்லை.

"எந்தக் கையால வீசின?" என்று பெரிய தம்பி கேட்டான்.

வலது கையை நீட்டினேன். பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சின் மேல் அதை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். முதல் அடியில் கத்தினேன். மூன்றாவது அடிக்கு மேல் எத்தனை என்று தெரியாது. கை முடிந்ததும் முதுகு, தொடை. முகத்தில் அடிக்க ஒருவன் ஓங்கியபோது சின்னத் தம்பி தடுத்தான். "கண்ணு வேணாம்டா" என்றான். போகும்போது என் பையிலிருந்து சிதறிய பழங்களை மிதித்துக்கொண்டே போனார்கள்.

நான் எங்கே இறங்குவேன் என்று அக்காவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவளிடம் இதுவரை நான் அதைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

வலது கையில் மூன்று விரல்கள் இன்றைக்கும் மடங்காது. போர்டில் நுணுக்கமாக ஈயம் பற்றவைக்க முடியாது. கட்டோடு சத்திரத்தில் படுத்திருந்தேன். திறந்த கூரை வழியாகக் குரங்குகள் இறங்கி வந்து மெஷின்களின் ஒயரைப் பிடுங்கிப் போடும். பாய் தினமும் சோறு கொண்டுவந்து வைப்பார். ஒருநாள் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "அடி வாங்கிட்டா கணக்கு தீந்துச்சுனு நெனச்சிகினு கீறீங்க. அவர் கண்ணு போனது ஒன்னு, நீங்க சொன்ன பொய் ஒன்னு. அந்தப் பொய் அப்படியே கெடக்குது."

ஆவணி மாதம் அம்மையார்குப்பத்துக்குப் போனேன். தறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. பாவா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தார். விரல் இழைக்கு முன்னாலேயே மூடியது, மறுபடியும் பின்னால் போய் மூடியது. மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. ஒரு கண்ணில் தூரம் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் எழவில்லை. தறிச் சத்தத்தில் நான் கத்த வேண்டியிருந்தது.

"பாவா! கைதவறல! தெரிஞ்சேதான் வீசினேன்!"

அவர் போய் இரண்டு தறிகளையும் நிறுத்தினார். காதில் அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. வாசற்படியில் அக்கா வந்து நின்றாள்.

"திருப்பிச் சொல்லு" என்றார்.

"குழாய் வெடிக்கும், கண்ணு போகும்னு தெரிஞ்சிதான் வீசினேன். மேஸ்திரியையும் நான்தான் தள்ளினேன். வெடிச்சப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமென்று நினைத்துப் போகவில்லை. வந்துவிட்டது. அவர் கிட்டே வந்தார். அடிப்பார் என்று நின்றேன். என் சட்டைக் காலரைப் பிடித்து, முகத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் குழியைப் பார்க்க வைத்தார். நான் தலையைத் திருப்பியபோது தாடையைப் பிடித்துத் திருப்பி மறுபடியும் பார்க்க வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"எனக்கும் சந்தோஷமாதான் இருந்துச்சு" என்றார். "உன் பொட்டிய ஒடைக்கறப்ப. மூணாவது அடி எதுக்குன்ற? அதுக்குத்தான்." காலரை விட்டார். "என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? கோர்ட்ல சொல்லு."

"சொல்றேன் பாவா."

"சொல்லிட்டு வா. அதுக்கு முன்னாடி இந்த வாசல்ல கால வைக்காத."

அக்கா எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப்பு வரை எனக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்து, பஸ் கிளம்பும் வரை நின்றாள்.

கோர்ட்டில் சொன்னேன். என் வக்கீல் எழுந்து வெளியே போய்விட்டார். தண்டனை கொடுத்தார்கள், எட்டு மாதம் உள்ளே இருந்தேன். அங்கே நடந்ததெல்லாம் வேறு கதை. சிறையில் ஒருவனை இன்னொருவன் தட்டால் அடிக்கிற சத்தம் கேட்டபோதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அடிக்கிற கையின் சந்தோஷம் எனக்குத் தெரிந்திருந்தது.

நான் உள்ளே இருந்தபோது அக்கா ஒரு இன்ஜினியர் அம்மாளைச் சென்னையிலிருந்து கூட்டிவந்திருக்கிறாள். பழைய கட்டடங்களில் வேலை செய்கிறவர். எனக்காக அல்ல. "ஆத்துச் செவுரு சாஞ்சா பக்கத்து வூட்டுப் பசங்க மேல வுழும், அதுக்காக" என்று பாயிடம் சொன்னாளாம். அந்த அம்மாள் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, கோட்டின் ஓரமாக ஆறு இரும்புத் தூண்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு இரும்புச் சட்டத்தை ஓட்டி, உத்திரங்களை அதில் உட்காரவைத்துவிட்டால் பிறகு தாராளமாக அறுக்கலாம், இரண்டு பாதியும் தனித்தனியாக நிற்கும் என்றாராம். எட்டு நாள் வேலை. வெளியே வந்ததும் பாய் இதை என்னிடம் சொன்னார். நாலு மாதம் நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த மரத்தையும் சுவரையும் அவ்வளவு ரசித்தவன் நான்தானே.

இப்போது மீதி நாலு உத்திரங்கள் அந்த இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. விழுந்த பாகத்துக்குத் தகரக் கூரை. மூன்று வளைவுகளும் அப்படியே. பதினான்கில் மூன்று மெஷின்கள் ஓடுகின்றன. இடது கையால் மெதுவாக வேலை செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மறுபடியும் போவேன்.

தெருப் பக்கம் லாட்ஜ் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாவா வேலையைப் பார்க்க வருவார். என்னோடு அதிகம் பேசுவதில்லை. நான் அவருடைய வலது பக்கமாக நின்றுகொள்வேன். இடது பக்கம் யாராவது வந்தால் அவர் உடம்பு தூக்கிப்போடும். போன வாரம் இரண்டாவது மாடி வரைக்கும் ஏறினோம். மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் வைக்கவில்லை. இறங்கும்போது முதல் படியில் அவர் கால் காற்றில் நின்றது. படி எங்கே இருக்கிறது என்று தேடியது.

"பாவா, இன்னும் கொஞ்சம் கீய" என்றேன்.

"தெரியும்டா" என்றார். என் தோளில் கையை வைத்தார். அழுத்திப் பிடித்தார், வலிக்கிற அளவுக்கு. காலால் தடவித் தடவி ஒவ்வொரு படியாக இறங்கினார்.